டொறின் அக்காவின் இடது பக்க ஒலிபெருக்கி

எனக்கு வயது முப்பத்திமூன்று. இந்த வயதில் ஓய்வுபெற்றுவிட்டேன் என்று சொன்னால் அம்மா சிரிக்கிறார். ஆனால் மேடை ஒலி வேலையைப் பொறுத்தவரை அது உண்மைதான். போன வருடம் கேபிள் பெட்டிகளை அடுத்தவரிடம் ஒப்படைத்தேன். இப்போது தொழிற்சாலைகளில் இரைச்சல் அளக்கிறேன். காலையில் போய் மாலையில் வீடு திரும்புகிற வேலை. அம்மாவின் கணக்கில் இதுதான் என் முதல் வேலை.

இதை எழுதக் காரணம், நான் படித்த தொழில்நுட்பக் கல்லூரியில் இப்போது படிக்கும் இரண்டு பெண்கள். கல்லூரி ஒரு டிஜிட்டல் ஒலிக்கலவை மேசை வாங்கியிருக்கிறது, வந்து பாருங்கள் என்று அழைத்தார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் போன வார நிகழ்ச்சியின் எல்லா அளவுகளும் தாமாக வந்து நிற்கின்றன. நல்ல பொருள். ஒன்பது வருடம் அதே வேலையை நான் பென்சிலால் காகிதத்தில் செய்தேன் என்றதும் ஒருத்தி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். மற்றவள், அந்தக் காகிதங்களால் ஏதாவது பிரயோசனம் இருந்ததா என்று கேட்டாள். இருந்தது. அதைச் சொல்வதென்றால் டொறின் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

டொறின் அக்கா கன்ட்ரி பாடகி. குதிரை, லொறி, மழை, விட்டுப்போன கணவன் என்று கிற்றாரோடு பாடுகிற வட அமெரிக்க நாட்டுப்புற இசை அது. அவர் பிறந்தது திருகோணமலையில். அப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞர். கிறிஸ்துமஸ் காலத்து நத்தார் விருந்துகளில் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு ஆங்கிலக் கன்ட்ரி பாட்டுப் பாடுவாராம். அந்த ஊரில் அது புதினமில்லை. எண்பதுகளில் மொன்றியலுக்கு வந்த டொறின் அக்கா தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். முப்பது இயந்திரங்களின் சத்தத்துக்கு மேலால் பாடிப் பாடித்தான் குரல் வளர்ந்தது என்பார். கூட வேலை செய்த பெண்ணின் கல்யாணத்தில் அவர் பாடியதைக் கேட்ட ஒருவர்தான் கில்.

கில் கியூபெக் கிராமத்துக்காரர். பெடல் ஸ்டீல் வாசிப்பவர். கிற்றாரை மேசைபோலப் படுக்கவைத்து, காலால் மிதித்துச் சுருதியை வளைக்கிற வாத்தியம் அது. அழுகையும் சிரிப்பும் ஒரே கம்பியில் வரும். அவர் ஒரு குழுவைச் சேர்த்து டொறின் அக்காவை முன்னால் நிறுத்தினார். பிரெஞ்சுப் பாட்டு பாதி, ஆங்கிலப் பாட்டு பாதி. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் சிறிய ஊர்களின் வெஸ்டர்ன் விழாக்கள்தான் அவர்களின் உலகம். தொப்பியும் பூட்சும் போட்ட ஆணும் பெண்ணும் வரிசை வரிசையாக நின்று, அடி எண்ணி ஆடுவார்கள். கறுத்த, குள்ளமான ஒரு பெண் வெள்ளைத் தொப்பியோடு மேடை ஏறினால் முதலில் ஒரு அமைதி விழும். டொறின் அக்கா அதற்கென்றே ஒரு வசனம் வைத்திருந்தார். தான் தூர மேற்கிலிருந்து வரவில்லை, தூரக் கிழக்கிலிருந்து வருவதாகவும், வழியில் குதிரை களைத்துவிட்டதாகவும் பிரெஞ்சில் சொல்வார். சபை சிரித்ததும் மேளம் தொடங்கிவிடும்.

நான் அவரிடம் சேர்ந்தது 2001இல். அதற்கு முன்பு மூன்று வருடம் மின்னணுவியல் படிப்பு, ஒரு வருடம் பள்ளி மண்டபங்களுக்கும் தேவாலயங்களுக்கும் ஒலிபெருக்கி பூட்டும் வேலை. அவ்வளவுதான் என் தகுதி. எங்கள் இரண்டு வீடுகளும் மொன்றியலின் புறநகரான ரொக்ஸ்பரோவில், ரயில் நிலையத்துக்கு இரண்டு பக்கமும். அம்மாவுக்கு டொறின் அக்காவைப் பிடிக்கும். என் வேலையைத்தான் பிடிக்காது. "படிச்சுப்போட்டு வயர் சுத்துறாள்" என்று வருவோர் போவோரிடம் சொல்வார்.

டொறின் அக்காவின் நடைமுறைகள் மாறாதவை. நிகழ்ச்சிக்கு மூன்று மணி நேரம் முன்பு வருவார். மண்டபத்தைச் சுற்றி நடந்து, நான்கு மூலையிலும் கை தட்டிப் பார்ப்பார். பிறகு மேடை ஏறி ஒலிவாங்கியைச் சோதிப்பார். மற்றவர்களைப்போல் ஒன்று, இரண்டு என்று எண்ணமாட்டார். அன்று வாங்கவேண்டிய சாமான்களை மெல்லிய கன்ட்ரி மெட்டில் பாடுவார். வெங்காயம் இரண்டு கிலோ, சீரகம், மல்லி, பருப்பு. உயரச் சுருதி பருப்பில் வரும். தமிழ் தெரியாத கில்லுக்கு அந்தப் பாட்டு மனதைப் பிசைந்தது. இவ்வளவு துயரமான பாட்டை ஏன் சபையில் பாடுவதில்லை என்று ஒருமுறை என்னிடம் இரகசியமாகக் கேட்டார். அது அவருடைய சொந்த விஷயம் என்று சொல்லிவைத்தேன்.

பாடும்போது என்னோடு சைகையால்தான் பேசுவார். தொப்பி விளிம்பைத் தொட்டால் தன் குரல் தனக்கு இன்னும் கேட்கவேண்டும். இடுப்புப் பட்டியைத் தொட்டால் மேளம் குறையவேண்டும். அவர் காலடியில் இரண்டு சிறிய ஒலிபெருக்கிகள் இருக்கும், இடம் ஒன்று வலம் ஒன்று. பாடகருக்குத் தன் குரலைக் கேட்கத் தருகிற பெட்டிகள் அவை. அது சரியில்லையென்றால் எவ்வளவு நல்ல பாடகரும் சுருதி விலகுவார். நிகழ்ச்சி முடிந்ததும் மேசையின் ஒவ்வொரு குமிழும் நின்ற இடத்தை ஒரு தாளில் குறித்து, துளையிட்டு, கோப்பில் போடுவேன். ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு தாள். டொறின் அக்கா அதை என் பரிசுத்த வேதாகமம் என்பார்.

ஐந்து வருடம் இப்படிப் போனது. பிறகு அவர் கை தொப்பிக்கு அடிக்கடி போகத் தொடங்கியது. நான் கூட்டினேன். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் கூட்டினேன். எப்போதும் விளிம்பின் இடப் பக்கத்தையே தொட்டார்; கூட்டவேண்டி வந்தது இடது பெட்டியை மட்டும்தான். பெட்டியில் பழுது என்று நினைத்தேன். சந்தேகத்துக்குரியவற்றை வரிசையாக எழுதி ஒவ்வொன்றாகச் சோதித்தேன்: கேபிள், இணைப்பு முனை, பெருக்கி, பெட்டியின் கூம்பு, மேசையின் குமிழ், மேடைப் பலகை, மேளக்காரர் புதிதாக வாங்கிய சிம்பல் தட்டு. இடது பெட்டியை வலப் பக்கமும் வலதை இடப் பக்கமும் மாற்றி வைத்தும் பார்த்தேன். எது இடப் பக்கம் இருந்ததோ அதையே கூட்டவேண்டி வந்தது.

ஒரு குளிர்கால விடுமுறை நாளில் கோப்பை விரித்துவைத்து, தாள்களிலிருந்த இடது பெட்டியின் அளவை மட்டும் எடுத்து வரைபடம் கீறினேன். பதினான்கு மாதங்கள். கோடு ஒருதடவைகூட இறங்கவில்லை. பட்டியலில் நான் எழுதாமல் விட்ட பொருள் ஒன்று இருந்தது. வரைபடத்தை மடித்து எடுத்துக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்து டொறின் அக்கா வீட்டுக்குப் போனேன்.

அவர் அடுப்படியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். நான் அவருக்கு இடப் பக்கமாக நின்று, சாதாரணக் குரலில், "அக்கா, இஞ்சி போடுறனீங்களோ?" என்று கேட்டேன். பதில் இல்லை. வலப் பக்கம் போய் அதே குரலில் அதையே கேட்டேன்.

"ஓம், போட்டிட்டன். ஏன், உனக்கு வேண்டாமோ?"

நான் வரைபடத்தை மேசையில் விரித்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதென்ன பிள்ளை, ஆருக்குக் காய்ச்சல்?"

"உங்கட இடது பக்கப் பெட்டி அக்கா. கூட்டிக்கொண்டே போறன்."

"பெட்டியை மாத்திப் பாத்தியோ?"

"பெட்டி, வயர், எல்லாம் மாத்தினன்."

"அப்ப, மாத்தேலாத சாமான் ஒண்டுதான் மிச்சம்" என்றார். சொல்லிவிட்டு எனக்குச் சீனி போட்டார்.

அவருக்கு முன்பே தெரியும். இலையுதிர் காலத்தில் காது வைத்தியரிடம் போயிருந்தார். இடது காதின் நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது, அது திரும்பாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அதை அவர் ஏற்றுக்கொண்டிருந்தார். அவருக்குப் பயம் கில்லைப் பற்றியது. சுருதி விஷயத்தில் கில்லுக்கு இரக்கம் கிடையாது. அரை இழை விலகியதற்காக ஒரு பேஸ் வாத்தியக்காரரை ஒத்திகை நடுவிலேயே வீட்டுக்கு அனுப்பியவர். வசந்தத்தில், துறைமுகத்துக்குக் கிட்டவுள்ள கிழக்கு மொன்றியல் மண்டபம் ஒன்றில், சபையோடு சேர்த்து நிகழ்ச்சியைப் பதிவுசெய்து இசைத்தட்டாக வெளியிட ஏற்பாடாகியிருந்தது. பாதிச் செவிடான பாடகியை வைத்துக்கொண்டு கில் அதைச் செய்யமாட்டார், குழு கலைந்துவிடும், தனக்கு இனிப் பாட்டு இல்லை. இதுதான் டொறின் அக்காவின் கணக்கு.

"பதிவு முடியட்டும். அதுவரைக்கும் நீ கூட்டிவிடு. கில்லுக்குச் சொல்லாதை."

நான் சரி என்றேன். ஒலிக்காரர்கள் மட்டுமே செய்கிற பிழை இது. எங்கள் கையில் ஒரு குமிழ் இருக்கிறது. எந்தக் குறையையும் அதைத் திருகித் தீர்த்துவிடலாம் என்று நம்பிவிடுவோம்.

திருகினேன். மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரு சிறிய ஊரின் மண்டபத்தில், மூன்றாவது பாட்டின் நடுவில் இடது பெட்டி ஊளையிட்டது. பெட்டியின் சத்தம் ஒலிவாங்கிக்குள் புகுந்து, அங்கிருந்து திரும்பப் பெட்டிக்கு வந்து சுற்றிச் சுற்றிப் பெருகுகிற ஊளை. ஆடிக்கொண்டிருந்த நான்கு வரிசைகளும் அடி எண்ணிக்கை தவறி ஒன்றோடொன்று மோதி நின்றன. நான் உடனே அடக்கிவிட்டேன். டொறின் அக்கா குதிரை கனைத்ததாகச் சொல்லிச் சமாளித்தார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மண்டபம் வெறுமையானதும் ஒலி அளக்கும் கருவியை எடுத்து, அவர் தலை இருந்த உயரத்தில் பிடித்து, நிகழ்ச்சியின் அளவிலேயே பெட்டியை ஒலிக்கவிட்டுப் பார்த்தேன். இடது காதுக்கென்று நான் கொடுத்துக்கொண்டிருந்தது முழுவதும் வலது காதிலும்தான் விழுந்துகொண்டிருந்தது. அந்த அளவில் ஒரு தொழிற்சாலை இயங்கினால், காது மூடி இல்லாமல் யாரையும் உள்ளே விடமாட்டார்கள்.

திரும்பி வரும்போது வான் வண்டியில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

"நான் இனிக் கூட்டமாட்டன் அக்கா."

"நான் கேட்டாலுமோ?"

"கேட்டாலும். இப்பிடிக் கூட்டிக் கூட்டி நான் உங்கட மற்றக் காதையும் எடுத்துப்போடுவன்."

"காது என்ரை."

"ஓம். குமிழில இருக்கிறது என்ரை கை."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வயல்களில் பாதி உருகிய பனி. வீட்டு வாசலில் இறங்கியபோது, வேறு ஆளைப் பார்க்கட்டுமா என்று கேட்டார். பாருங்கள், ஆனால் அந்த ஆளிடமும் வரைபடத்தைக் காட்டுங்கள் என்றேன். கதவைச் சாத்திய விதத்தில் பதில் இருந்தது.

இரண்டு வாரம் அழைப்பு வரவில்லை. அம்மா உற்சாகமாக எனக்கு வேலை விளம்பரங்களை வெட்டி வைத்தார். நான் வீட்டில் இருந்து ஒரு மேடைப் படம் வரைந்தேன். இடது பெட்டி இல்லாத மேடை. கில்லின் பெடல் ஸ்டீல் டொறின் அக்காவின் வலப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில். மேளம் பின்னால், ஒளிபுகும் பலகைத் தடுப்புக்குள். கிற்றாரின் ஒலிப்பெட்டி சுவரைப் பார்த்து. மேடையில் மொத்தச் சத்தமும் பாதியானால், நல்ல காது ஒன்றே சுருதிக்குப் போதும். கணக்கு சரியாக வந்தது. ஆனால் எட்டு வருடமாக இடப் பக்கம் இருந்து பழகிய கில்லை, காரணம் சொல்லாமல் யாரும் எழுப்பமுடியாது.

வரவேண்டாம் என்று யாரும் சொல்லாததால் பதிவு நாளன்று போனேன். பிற்பகல் நிகழ்ச்சி. காலையிலேயே கப்பல்துறைத் தொழிலாளர்கள் சிலர் வந்து நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அது அவர்களுடைய மண்டபம். கில் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து கம்பிகளைத் துடைத்தார். டொறின் அக்கா வந்தார். நான்கு மூலையிலும் கை தட்டினார். என்னைப் பார்க்கவில்லை. மேடை ஏறி, வழக்கமான மெட்டைப் பிடித்தார்.

"வெங்காயம் ரெண்டு கிலோ, சீரகம்… திரும்பவும் வைத்தியரிட்டப் போனன் பிள்ளை… மல்லி ஒரு பக்கெற்… மற்றக் காது நல்லாயிருக்காம், அதைக் காப்பாத்தட்டாம்… அந்தாளும் உன்னை மாதிரித்தான் ஏசினது… பருப்பு…"

மண்டபத்தில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. நான் குமிழ்களில் கை வைத்தபடியே நின்றேன்.

"கில்லுக்குச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை… தேங்காய் ரெண்டு… நீ சொல்லு பிள்ளை."

என் மேசையிலிருந்து மேடைக்குப் பேசும் சிறிய ஒலிவாங்கியை அழுத்தினேன். "நீங்கள்தான் சொல்லவேணும் அக்கா. நான் பக்கத்தில வந்து நிக்கிறன்."

"பயமாக் கிடக்கு… பச்சை மிளகாய்…" என்று இழுத்து, அந்த மெட்டை அவர் ஒருபோதும் முடிக்காத ஒரு தாழ்ந்த சுருதியில் கொண்டுபோய் முடித்தார்.

கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்றைக்கு இதுவரை பாடியதிலேயே சிறப்பாகப் பாடியதாகவும், இன்றைக்காவது இந்தப் பாட்டைப் பதிவில் சேர்ப்போம் என்றும் கெஞ்சினார். டொறின் அக்கா தொப்பியைக் கழற்றினார். நான் மேடை ஏறி அவருக்கு வலப் பக்கம் நின்றேன். அவர் பிரெஞ்சில், சின்னச் சின்ன வாக்கியங்களாக, எல்லாவற்றையும் சொன்னார்.

எவ்வளவு காலமாக என்று மட்டும் கில் கேட்டார். நான் வரைபடத்தை நீட்டினேன். அவர் அதைக் கோட்டோடு விரல் வைத்துப் பார்த்தார். இந்த ஊரில் தேவாலயப் பொருட்களின் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்கள். கில் ஒரு முழுப் பூசைக்குத் தேவையான அத்தனையையும் சொல்லி முடித்தார். டொறின் அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றார்.

பிறகுதான் தெரிந்தது, அவர் திட்டியது தன்னை. பாடகியும் ஸ்டீலும் ஒட்டாமல் போவதை அவர் மாதக்கணக்காகக் கவனித்துக்கொண்டிருந்தார். டொறினுக்குச் சுருதி விலகும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தன் வாத்தியத்தைத்தான் சந்தேகித்தார். இரண்டுமுறை கம்பி மாற்றி, மிதிகளைக் கழற்றி எண்ணெய் போட்டு, ஒருதடவை அதை எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் பழுதுபார்க்க அனுப்பி, கடைசியில் தன் காதுதான் கிழடாகிவிட்டது என்று முடிவு கட்டியிருந்தார். இந்தப் பதிவோடு வாசிப்பதை விட்டுவிடப்போவதாக மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தாராம்.

"உனக்கு விசரோ கில்?" என்று டொறின் அக்கா தமிழிலேயே கேட்டார். கில்லுக்கு அது விளங்கியது.

என் படத்தை விரித்தேன். ஒரு மணி நேரத்தில் மேடை இடம் வலமாக மாறியது. கப்பல்துறைக்காரர்கள் இருவர் பெடல் ஸ்டீலை ஒரு நோயாளியைப்போலத் தூக்கி வலப் பக்கம் வைத்தார்கள். மேளக்காரரைத் தடுப்புக்குள் அடைத்ததும் அவர் மீன்தொட்டியில் இருப்பதாக முறைப்பட்டார். இடது பெட்டியை நானே தூக்கிக்கொண்டுபோய் வான் வண்டிக்குள் வைத்துப் பூட்டினேன். அது மேடையில் நின்றால் கூட்டிப் பார்க்க எனக்கு ஆசை வரக்கூடும்.

மண்டபம் நிரம்பியது. முதல் பாட்டுக்கு முன்பு கில் ஒரே ஒரு கம்பியைத் தொட்டார். டொறின் அக்கா தலையை லேசாகச் சரித்து அதை வாங்கிக்கொண்டார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது தொப்பிக்குப் போகவில்லை. முதல் பாட்டில் போகவில்லை, இரண்டாவதில் போகவில்லை. குரல் கில்லின் சுருதியில் போய் அமர்ந்தது. இடைவெளியில் நகம்கூட நுழையாது. மூன்றாவது பாட்டில் ஆடுபவர்கள் எழுந்து வரிசை கட்டினார்கள். நான் பென்சிலை எடுத்து, அன்றைய தாளில் முதல் குமிழின் அளவை எழுதினேன்.

நடுவில் அவர் சபைக்கும் சொல்லிவிட்டார். தன் இடது காது வேலையிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டது என்றும், நிகழ்ச்சி முடிந்ததும் பாராட்ட விரும்புவோர் வலப் பக்கமாக வரலாம் என்றும், குறை சொல்ல விரும்புவோர் இடப் பக்கம் நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சொல்லலாம் என்றும் அறிவித்தார். கில்தான் முதலில் சிரித்தார்.

அதே மேடை அமைப்பில் அதற்குப் பின் மூன்று வருடம் நான் அவருக்கு ஒலி பார்த்தேன். அவர் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார். வலது காதை வைத்தியர் வருடத்துக்கு ஒருமுறை சோதிக்கிறார். அந்த முடிவுகளைப் பிரதியெடுத்து எனக்கு அனுப்பிவிடுவார், கோப்பில் போட.

ஆனால் அந்தப் பிற்பகலின் கடைசிப் பத்து நிமிடத்தைச் சொல்லாமல் விடமுடியாது. நிகழ்ச்சி முடிந்து டொறின் அக்கா கீழே இறங்கி நின்றார். எல்லாரும் அடக்கமாக வலப் பக்கம் வரிசையில் வந்தார்கள். ஒருவர் மட்டும் நேரே முன்னால் வந்து நின்றார், கப்பல்துறையில் பாரந்தூக்கி இயக்கி ஓய்வுபெற்ற முதியவர். அவருக்கும் இடது காது போய்விட்டதாம், பல வருடமாக. அதைச் சொல்லத்தான் வந்தார். டொறின் அக்காவுக்குக் கேட்கவில்லை. வலது காதைக் கிட்டக் கொண்டுவர ஒரு அடி சுற்றினார். அக்காவின் பதில் முதியவருக்குக் கேட்கவில்லை; தன் வலது காதைக் கொண்டுவர அவரும் ஒரு அடி சுற்றினார். விழாமல் இருக்க இருவரும் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். இன்னொரு அடி, இன்னொரு சுற்று. மேடையில் கம்பிகளை மூடப்போன கில் இதைப் பார்த்துவிட்டு, மூடாமல், மெல்ல வால்ஸ் ஒன்றை, சோடியாகச் சுற்றி ஆடுகிற மெட்டை, வாசிக்கத் தொடங்கினார். சுற்றி நின்றவர்கள் இடம் விட்டு விலகினார்கள்.

பதிவு இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சபையின் கைதட்டலுக்கென்று நான் தொங்கவிட்டிருந்த ஒலிவாங்கியில் அந்த வால்ஸும், பூட்சுகளின் தேய்ப்பும், டொறின் அக்கா சிரித்துக்கொண்டு அந்த முதியவரின் காதில் "கேக்குது, இப்ப கேக்குது" என்று தமிழில் சொல்வதும் விழுந்திருக்கின்றன. இசைத்தட்டுக்கு அனுப்புமுன் அதை வெட்டிவிடவா என்று கில் கேட்டார். நான் வெட்டவில்லை.